நாற்பத்திரண்டு எழுத்துக்குள் ஒரு வசவு

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
புரோட்டாக் கடைக்கு மேலே என் அறை.
ஆஸ்திரேலியப் படம் ஒன்று வந்திருக்கிறது, தமிழில் உரை போட.
தொண்ணூற்றாறு நிமிடம். நிமிடத்துக்கு எழுபது ரூபாய்.
வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து,
மிஞ்சினால் திரை சிவக்கும்.

மெல்போர்னில் மீன் வறுத்து விற்கிற கிரேக்கக் குடும்பம்.
அப்பனுக்கு முதுகெல்லாம் மயிர்.
மகன்கள் அதை வைத்தே முதல் பத்து நிமிடம் ஓட்டுகிறார்கள்.
லெபனான் சம்பந்தி வீட்டில், சாப்பாட்டு நடுவே
யாரோ குசு விட, பழி பூனைக்குப் போகிறது.
அம்மைகள் செருப்பை எறிகிறார்கள்,
குறி தப்புவதே இல்லை.
இதெல்லாம் எளிது. செருப்புக்கு உரை வேண்டாம்.
அப்பன் கத்துகிற இடமெல்லாம்
"பேதீல போவான்" என்று போட்டேன்.
எங்க அப்பா ஞானசிகாமணி கத்துகிற மாதிரியே பொருந்தியது.

சிக்கியது ஒரு சொல்.
ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து.
கப்பல் விட்டு இறங்கிய அப்பன் முகத்தில்
அந்த ஊர்க்காரன் துப்பியது.
மகன் அதை எடுத்துத் துடைத்து
காரின் பின்கண்ணாடியில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறான்.
தன் ஆளைக் கண்டால் அதைச் சொல்லித்தான் கட்டிப்பிடிக்கிறான்.
வெள்ளைக்காரன் சொன்னால் மட்டும் அடி.
நிறுவனத்துச் சொற்பட்டியலில் அதற்கு "வெளிநாட்டவர்".
வாடா வெளிநாட்டவா!
போட்டுப் பார்த்தேன்,
பாஸ்போர்ட் ஆபீஸ் வரிசை மாதிரி இருந்தது.

திருவனந்தபுரத்து ஹாஸ்டலில்
என் பெயர் விஜிலா இல்லை, பாண்டி.
"பாண்டி இன்னு குளிச்சோடீ?"
அப்புறம் வேளச்சேரி.
நான் வாய் திறந்ததும் வீட்டுக்காரம்மா சொன்னாள்,
"மலையாளியா நீ? தமிழ் நல்லாப் பேசறியே."
களியக்காவிளை தாண்டினால் ஒன்று
ஆரல்வாய்மொழி தாண்டினால் இன்னொன்று.

தம்பி சஜின் துபாயிலிருந்து பேசினான்.
அறையில் ஏழு பேர்,
அருமனை, குலசேகரம், கொல்லங்கோடு.
அவர்களின் வாட்ஸப் குழுவுக்கே பெயர் பாண்டிப் படை.
"அதப் போடு எளவ, கெடந்து யோசிக்காத."
போட்டேன்.
இதுவும் மூன்றே எழுத்து. திரை சிவக்கவில்லை.

மறுநாள் சென்னையிலிருந்து குறிப்பு:
"புதுச்சேரிக்கும் இந்தக் காட்சிக்கும் என்ன தொடர்பு? விளக்கவும்."
விளக்கினேன், ஒன்றரைப் பக்கம்.
"புண்படுத்தும் சொல். நீக்கவும்.
மேலும், மூலத்தில் யாருக்கும் வயிற்றுப்போக்கு இல்லை."

எழுபத்தோராம் நிமிடத்தில் ஒரு டாக்சிக்காரன் வருகிறான்.
நம் நிறம்.
இறுதிப் பட்டியலிலும் அவன் டாக்சிக்காரன்தான், பெயர் வைக்கவில்லை.
பின்சீட்டிலிருந்து கிரேக்கப் பயல்கள்
அவன் பேச்சைப் பேசிக் காட்டுகிறார்கள்,
கழுத்தில் ஆணி கழன்றது போல் தலையை ஆட்டி.
கறி நாற்றம் என்று கண்ணாடியை இறக்குகிறார்கள்,
உடம்பெல்லாம் மீன் எண்ணெய் நாறுகிற பயல்கள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
கோபம் அப்புறம்தான் வந்தது,
நாலு நொடி பிந்தி,
படத்தோடு சேராத உரை மாதிரி.

கீழே ரஹீமுல் மாவு வீசுகிற சத்தம்.
மால்டாக்காரன்.
போன கிறிஸ்துமஸுக்கு மரச்சீனியும் மீன்கறியும் தின்றுகொண்டே
"சேச்சி, பொரோட்டா தீந்துபோச்சி" என்று
அவன் சொல்வதை நான் சொல்லிக் காட்டினேன்.
வீடே உருண்டது.
ஞானசிகாமணிக்குப் புரை ஏறியது.
இன்னொருக்கா, இன்னொருக்கா என்றார்கள்.
இன்னொருக்காவும் செய்தேன்.

இப்போது ஏதோ உடைகிறது,
ஒடிசாவிலிருந்து புதிதாக வந்த பையனாயிருக்கும்.
ரஹீமுல் குரல் படியேறி வருகிறது,
பிசிறில்லாத விளவங்கோட்டுப் பேச்சில்:
"லேய் எரப்பாளி, கண்ணு என்ன பெடரியிலயா இருக்கு?"
கடை முழுக்கச் சிரிப்பு.
அந்தப் பையனும் சிரிக்கிறான்.
புரிந்தா என்று இங்கிருந்து தெரியவில்லை.

டாக்சிக் காட்சியில் ஒரு வரி இன்னும் காலி.
ஒன்றே முக்கால் நொடி.
பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டும்.
ரெண்டு புரோட்டா சொல்லியிருக்கிறேன்,
ரஹீமுல்தான் கொண்டு வருவான்.