எந்தத் தெரு

பதினோராவது வீடு இது.
டிவிஎஸ்ஸை ஓரங்கட்டும்போதே தரகர் பால்துரை சொன்னார்:
"சொந்த ஊரு கேட்டா
டவுனுன்னு சொல்லிப்போடுங்கம்மா."

பெருமாள்புரத்தில் நான் சொல்லவில்லை.
காப்பி கொடுத்து உட்காரவைத்துக் கேட்டார்கள்.
வல்லநாடு, என்றேன்.
"வல்லநாட்டுல எந்தத் தெரு?"
அதற்கப்புறம் செண்டுக்கு ஒரு லட்சம் ஏறியது,
சிரித்தபடியே.

தியாகராஜ நகரில்
மீன் பொரிப்பீர்களா என்றார்கள்.
மேலப்பாளையத்தில் ஒரு அம்மா
அடுப்படிவரை திறந்து காட்டிவிட்டு
"ஒங்களுக்குத்தான் தோதுப்படாது மவளே" என்றாள்,
உண்மையாகவே வருத்தப்பட்டு.
வங்கிக்காரர் மட்டும் எதுவும் கேட்கவில்லை,
மூன்று வருட வருமான வரி தவிர.

இப்போது சமாதானபுரம்.
பெயரைக் கேட்டதுமே சேவியருக்குச் சிரிப்பு.
ஓய்வுபெற்ற கண்டக்டர்,
விசில் ஊதிப் பழகிய உதடு,
நேரே மாடிக்குக் கூட்டிப்போனார்.
"இந்தச் செவுரு ஐப்பசியில ஒழுகும்.
ஆத்துத்தண்ணி ஒருநாள் விட்டு ஒருநாள்,
விடியக்காலம் நாலரைக்கு.
நீங்க மோட்டாரு போட்டா
பக்கத்து வீட்டுக்கு வராது, பாத்துக்கிடுங்க."

பதினோரு வீட்டில்
கேள்வி கேட்காமல் பதில் சொன்னவர் அவர்தான்.

குழாயைத் திருகினேன். காற்று இருமியது.
பிறகு துருவும் தண்ணீருமாய்க் கொஞ்சம்.
சேவியர் ஈரச்சுவரில் உள்ளங்கையை வைத்து
வெகுநேரம் எடுக்கவில்லை.

தெருவுக்கு வந்ததும்
மனதுக்குள் முன்பணத்தை எண்ணியபடி
குரலைத் தாழ்த்திக் கேட்டேன்:
"பக்கத்து வீட்டுல யாருண்ணே?
எந்த ஊர்க்காரங்க?"

பால்துரை வண்டியை இரண்டுமுறை உதைத்தார்.
கிளம்பவில்லை.

"டவுனுக்காரங்கதாம்மா."