மீந்த இடம்

பொலோஞ்ஞா நகரப் பதிவகத்தில்
பக்கத்தின் அடியில் இரண்டு விரற்கடை மீந்தாலும்
விட்டுவைக்கக் கூடாது.
நாளைக்கு எவனாவது வந்து
பெல்லுச்சோ விற்ற கோவேறு கழுதைக்குக் கீழே
அவன் விற்காத திராட்சைத் தோட்டத்தையும் செருகிவிடுவான்.

குறுக்குக் கோடு இழுக்கலாம். எனக்குப் பிடிக்காது,
முகத்தை மூடிய துணி போலிருக்கும்.
மற்ற எழுத்தர்கள் ஜெபம் எழுதினார்கள்.
நான், சணல் ஊறும் குட்டைக் கரையில்
காதில் விழுந்த ராணுச்சோவின் பாட்டை.

யார் ராணுச்சோ?
பேரேட்டின்படி, தோல் பதனிடுபவன் மகன்.
ரேனோ ஆற்றுப் பாலத்தில் சுங்கம் பிரிப்பவன்.
உப்பு வியாபாரிக்குப் பதினான்கு லீரா பாக்கி.
பனியில் கருகிய இடது காது பேரேட்டில் இல்லை.
கிஸ்லா என்ற பெயரும் இல்லை.
அவள் கல்யாண வண்டி ஃபெராராவுக்குப் பாலம் ஏறிய காலையில்
அதற்கும் சுங்கம் வாங்கியிருக்கிறான்,
இரண்டு காசு.
அவன் கைப்பட எழுதிய வரவு அது.

பதின்மூன்று வரி எழுதிவிட்டேன்.
நீ கடந்த பாலம், அதன் கீழே
உன்னை விசாரித்தபடி போகும் ஆறு,
எத்தனை முறை எண்ணினாலும் கணக்கில் சேராத காசு.
பதினான்காவது வரி யாருக்கும் தெரியவில்லை.
துணி துவைப்பவர்கள் அந்த இடம் வந்ததும்
சிரித்து, தண்ணீரை வாரி இறைத்துக்கொள்வார்கள்.

கடன் பத்திரத்துக்கு அவனே வந்தபோது கேட்டேன்.
மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:
"மறந்துபோச்சு தெதால்தோ.
இடத்துக்குப் பொருந்துற மாதிரி எதையாவது போட்டுக்கோ."

பதினோரு அசைக்கு இடம் இருந்தது.
கிரயம், அடமானம், சீதனம், உயில்,
வேறு சொல் என் கைக்குத் தெரியாது.
எழுதினேன்:

*சாட்சி இல்லை; ஆயினும் நடந்தது.*

மணல் தூவி ஏட்டை மூடினேன்.

அப்புறம் அவன் கட்சி தோற்றது.
நாடுகடத்தப்பட்டோர் பட்டியலைப் படியெடுத்தவனும் நான்தான்,
நாற்பத்திரண்டாவது பெயர்.
வீட்டை இடித்தார்கள். கதவை மட்டும் யாரோ வாங்கினான்,
அதையும் பதிந்தேன்.

ஒன்பது வருஷம் கழித்து பாதுவாவிலிருந்து
சணல் வாங்க வந்தவன் சொன்னான்:
ராணுச்சோ தர்ம ஆஸ்பத்திரியில் போய்விட்டான்.
கடைசிவரை மதுக்கடையில் ஒரு கோப்பைக்கு ஒருமுறை
அந்தப் பாட்டைச் சொல்வானாம்.
சட்டம் படிக்கும் பையன்கள் இங்கிருந்து படியெடுத்துப் போனதாம்,
ஊரெல்லாம் அதுதானாம்.
கடைசி வரியில் முரடர்களும் கோப்பையைக் கீழே வைப்பார்களாம்.

"அந்த ஒரு வரிக்கு
ஒரு குளிர்காலம் முழுக்க ஆச்சு"
என்பானாம் ராணுச்சோ.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சணலின் எடை கேட்டேன்.
பொய் நுழையக்கூடாதென்று அடைத்த சந்து.

இன்று விதவை அதலாசியாவின் உயில்.
இரண்டு ஆடு, ஒரு செம்புப் பானை, மெத்தையில் பாதி.
கீழே இடம் மீந்தது.
வெகுநேரம் இறகைக் கையில் வைத்திருந்தேன்.
பிறகு, முதல் தடவையாக,
கோடு இழுத்தேன்.