வாயில்லாத் திமிங்கலம்

நோட்டின் முதல் பக்கம், வரவு:
மீன் ஆலைக் காவலாளி ஒஸ்வால்தோ, இரண்டாயிரம் பெசோ.
மருந்துக் கடை, நல்ல வார்த்தை மட்டும்.
சந்தையில் நண்டு விற்கும் எலியானா, கிழிந்த வலை ஏழு மீட்டர்.
வலைக்கு என்ன விலை எழுதுவது?
ஒரு கோடு இழுத்துவிட்டேன்.

தல்காவானோவில், துறைமுகத்துக்கு மேலே குன்றில்
எங்கள் பள்ளி.
ஓவிய வகுப்பை நிறுத்தி இரண்டு வருடம்.
யஸ்னா டீச்சர் மட்டும் சனிக்கிழமை தவறாமல் வருகிறாள்,
சம்பளம் இல்லாமல்,
பை நிறையப் பழைய காலுறைகளோடு.
பதினெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து செய்தார்கள்
இந்தத் திமிங்கலத்தை.
குடைக்கம்பி விலா, மழைக்கோட்டுத் தோல்,
ஒரு கண் பொத்தான், இன்னொன்று வேறு பொத்தான்.
நான் பொருளாளர். அதாவது
காலிப் பெட்டிக்குச் சாவி வைத்திருப்பவள்.

ஹார்டுவேர் கடை எரிபெர்த்தோ சல்திவியா
தராசிலிருந்து தலை தூக்காமல் கேட்டார்:
"கழிப்பறைக் கூரை ஒழுகுது.
உங்களுக்குப் பொம்மை வேணுமா?"
ஒழுகத்தான் செய்தது.
ஆலையில் இரவெல்லாம் மீன் அடுக்கிய கை
வாசனை போகாமல் என் பைக்குள் சுருண்டது.
பதில் சொல்லத் தெரியாமல் படி இறங்கினேன்.

புதன்கிழமை, யாரிடமும் கேட்காமல்,
ஒன்பது வயது மைத்தேன் வைக்கில்
திமிங்கலத்தைப் பேருந்தில் ஏற்றினாள்.
டிரைவர் அதற்கும் அரை டிக்கெட் கிழித்தார்.
(செலவு, பக்கம் நான்கு: திமிங்கலம், ஒரு வழி.)
சேதி கேட்டு நான் ஓடிப்போனபோது
கடை வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது அது.
எரிபெர்த்தோ குனிந்து
அதனிடமே பேசிக்கொண்டிருந்தார்.
"என்ன வேணும் உனக்கு?"
அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள்.
இதற்கு அழவும் வாயில்லை.
"தாடைக்குக் கீல் வாங்கப் பணமில்ல" என்றாள் மைத்தேன்.
"வாய் திறந்தா என்ன சொல்லும்?"
"திறந்தாத்தானே தெரியும்."

மனிதர் இழுப்பறை இழுப்பறையாகத் துழாவினார்.
மூன்று கீல்.
பித்தளை வழுக்கிக்கொண்டு போனது.
துருப்பிடிக்காத எஃகு, அதுவும் ஊமை.
மூன்றாவது கிரீச்சிட்டது.
"இதுதான்" என்றாள்.
எண்ணெய் போட வந்த கையைத் தட்டிவிட்டாள்.
ஆயிரத்து இருநூறு பெசோ.
ஒரு பெசோ குறைக்கவில்லை அவர்,
வரி போட்டு ரசீதும் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கொம்ப்ளேத்தோ விற்றோம்.
ரொட்டி, சாசேஜ், தக்காளி, மசித்த அவகாடோ,
மேலே குன்று மாதிரி மயோனைஸ்.
இந்த ஊரில் எவர் வீட்டுக் கூரை பறந்தாலும்,
எவருக்குப் பெட்டி வாங்க வேண்டியிருந்தாலும்
இதைத்தான் விற்போம், இதைத்தான் தின்போம்.
காற்று கூடாரத்தைப் பிய்த்தது.
பாதியில் காஸ் தீர்ந்தது.
எரிபெர்த்தோ வந்து
மயோனைஸ் இல்லாமல் பன்னிரண்டு வாங்கினார்.
எதற்குப் பன்னிரண்டு? அவர் தனியாள்.
நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை.

மாலை, ஜிம் கூடம்.
முன்வரிசையில் நகரசபை உறுப்பினர் அம்மாள்,
புகைப்படத்துக்காகக் கூந்தல் சீவி வந்திருந்தார்.
நீலத் துணிக் கடல் விலகியது,
வலைக்குள்ளிருந்து எழுந்தது அது.
கிரீச்.
கூடம் முழுக்கச் சிரித்தது.
கிரீச்.
"எனக்குத் தண்ணி பிடிக்கும்,"
என்றது திமிங்கலம், மைத்தேன் குரலில்,
"அதனாலதான் உங்க கழிப்பறையிலயே குடியிருக்கேன்.
ஆனா பிள்ளைங்க செருப்பு நனையுது."

சிரிப்பு ஒரு பக்கமாக அறுந்தது.
அம்மாள் கைப்பையில் எதையோ தேடினார்,
தேடிக்கொண்டே இருந்தார்.
பின்வரிசையில் ஒருவர் மட்டும்
முழங்காலில் அடித்து அடித்துச் சிரித்தார்,
மடியில் இன்னும் நாலு கொம்ப்ளேத்தோவோடு.
யாரும் எழுதித் தராத வசனம் என்று
யஸ்னா சத்தியம் செய்கிறாள்.

இப்போது இரவு ஒரு மணி.
விளக்கு வாடகைக்கு நாலாயிரத்து முந்நூறு இடிக்கிறது.
மூன்று முறை கூட்டிப் பார்த்துவிட்டேன்.
கூரையைப் பார்க்க செவ்வாய்க்கிழமை ஆள் வருமாம்,
வந்தால் நோட்டில் எழுதுவேன்.
கீல் ரசீதை ஒட்டியிருக்கிறேன்,
எலியானாவின் கோட்டுக்குப் பக்கத்தில்.