சாய்த்துப் பார்த்தல்

மேட்டூர் திறக்க இன்னும் பதினோரு நாள்.
குறுவை நாற்றங்காலுக்கு ஆழ்குழாய்தான் கதி.
மும்முனை மின்சாரம் வருவதோ
மன்னார்குடி உறங்கிய பிறகு.

பன்னிரண்டரைக்கு மோட்டார் போடப் போனவர்
ஒன்றே காலுக்கு என் முன்னால் கிடக்கிறார்.
வைரக்கண்ணு, ஐம்பத்தாறு, வலது கணுக்கால்.
முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டு,
அதன்மேல் வைக்கோல் பிரி,
அதன்மேல் யாருடையதோ பெல்ட்.
இத்தனை அக்கறையும் சேர்ந்து
காலை நீலமாக்கியிருந்தது.

"அவுத்துடாதீங்க சிஸ்டர், ஏறிடும்"
என்கிறான் மருமகன் உத்திராபதி.
டாக்டர் வரட்டும், டிரிப் போடட்டும்,
மெல்லத்தான் அவிழ்ப்போம்.
கீறினீர்களா? இல்லை.
நடந்தாரா? இல்லை, பைக்கில், நடுவில் வைத்து.
அது போதும், பாதிப் பிழைப்பு அது.

பிறகு அவன் யூரியா சாக்கைத் தரையில் கொட்டினான்.
இருட்டில் மண்வெட்டியால் வெட்டியது,
மூன்று துண்டு.
அறுந்த தலைக்கும் கொஞ்ச நேரம் கடிக்கத் தெரியும்;
இடுக்கியால்தான் புரட்டினேன்.

கழுத்தே இல்லை. கடுகுக் கண்.
முதுகில் திட்டுகள்,
மை கொட்டி யாரோ விரலால் இழுத்த மாதிரி
ஒன்றோடொன்று ஒட்டி, ஒழுங்கற்று.
வால் சொரசொரத்து, சட்டென்று முடிகிறது.
மண்ணுளி.
எலி தின்று பிழைத்தது.
என் பதினான்கு வருட நைட் டூட்டியில்
ஓர் ஆளையும் இங்கே அனுப்பியதில்லை.

"சத்தம் கேட்டுதா ஐயா?"
உதட்டை நனைத்துக்கொண்டு சொன்னார்:
"குக்கர் மாதிரி.
விசிலு வராம சீறிக்கிட்டே இருக்குமே, அது."

இரண்டு மில்லி ரத்தம்.
உலர்ந்த கண்ணாடிக் குழாய்.
இருபது நிமிடம் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது.

இருபது நிமிடம் என்பது
சுவர்க் கடிகாரத்தைத் திட்டப் போதுமான நேரம்.
போன மாதப் பெண்பிள்ளையை நினைக்கவும்.
பாயில் படுத்தவள், விடியலில் வயிற்றுவலி,
கடிவாய் இல்லை, வீக்கம் இல்லை,
பரோட்டா சேரவில்லை என்றார்கள்.
இமை இரண்டும் தானாக இறங்கியபோதுதான்
கட்டுவிரியன் என்று எனக்கு உறைத்தது.
அது சீறாது. வலிக்கவும் வலிக்காது.
அன்றிலிருந்து, வந்து போகிறவர்களிடமெல்லாம்
கட்டில் உண்டா, கொசுவலை உண்டா என்று கேட்கிறேன்.
வரதட்சணை கேட்பவளைப் போலப் பார்க்கிறார்கள்.

ஒன்று நாற்பத்தேழு. குழாயைச் சாய்த்தேன்.
உறைந்திருக்க வேண்டியது
வாய்க்கால் தண்ணீராக ஓடி வந்தது.
கண்ணாடி விரியன்.
பத்து குப்பி மருந்து, கலக்கிக்கொண்டே கணக்கிட்டேன்.

அப்போதுதான் உத்திராபதி எழுந்தான்.
"மோட்டாரு ஓடிக்கிட்டிருக்கு சிஸ்டர்.
நாத்து மூழ்கிடும்."
போகத் தடை சொல்லவில்லை.
நீ கொன்றது வேறு, கடித்தது அங்கேயே இருக்கிறது
என்று மட்டும் சொன்னேன்.
அவன் முகம் மாறியதைப் பார்க்காதவள் போல
என் டார்ச்சைக் கொடுத்தேன்.
காலை ஓங்கி வைத்து நட. கதவருகே நில்.
கைவிட்டு எதையும் துழாவாதே.

மூன்று மணிக்கு வீடியோ கால்.
செங்கல் தரை, ஸ்டார்ட்டர் பெட்டி,
அதன் கீழே குட்டையாய், தடித்து,
முதுகு நெடுக மூன்று வரிசைச் சங்கிலி,
ஒவ்வொரு வளையமும் கரை கட்டி,
அச்சில் வார்த்த ஒழுங்கு.
அழகாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

"அடிச்சிடவா?"
"தள்ளி நில்."
"நாத்து?"
"ஓடட்டும்.
வடிய வழியை மடையில் வெட்டிவிடு."

ஆறு மணிக்கு மும்முனை போனது.
மோட்டார் தானாக நின்றதாம்;
வெயில் ஏறும் முன் வேலியோரம் போய்விட்டதாம் அது.

எட்டு மணிக்கு இரண்டாவது குழாய்.
டூட்டி முடிந்தும் நின்று
நானே சாய்த்தேன்.
விளிம்பு வரை வந்து,
வரவில்லை.