பற்றுச்சீட்டு 87

சனிக்கிழமை ஏழரைக்கே மோட்டர் போட்டு
மூண்டு வாளி நிரப்பியாச்சு.
சுன்னாகம் சந்தைக்குப் போற றோட்டில
எங்கட பள்ளிக்கூட வாசலில
டினோஜா எழுதின மட்டை தொங்குது:
சைக்கிள் கழுவித் தரப்படும். நூறு ரூபா.
இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு.
கீழே துவாரகி அக்காவின்ர பேர்.
'நினைவாக' எண்டு எழுத இடம் காணாமல்
கடைசி எழுத்து மட்டும்
விளிம்பில கீழ இறங்கியிருந்தது.

ஆராய்ச்சிக்கோ எண்டு
போன கிழமையே முகத்தைச் சுழிச்சவன் நிருஜன்.
ஆஸ்பத்திரிக்கு ஒரு மின்விசிறி குடுத்தால்
இறக்கையில பேர் எழுதலாம்,
கரண்ட் நிக்கேக்கை ஆராவது வாசிப்பினம்.
ஆராய்ச்சியில பேர் எழுத எங்கை இடம்?

எனக்கும் மறுமொழி தெரியேல்லை.
நான் பாடமாக்கி வைச்சிருக்கிறது
என்பு மச்சை, வெண்குழியம், குருதிச் சிறுதட்டு.
கீறிக் குறிச்சால் நாலு புள்ளி.
எனக்குத் தெரிஞ்ச ஆராய்ச்சி இவ்வளவுதான்:
மகரகமவில அந்த டொக்டர்
சிங்களத்தில மெதுவாய் ஏதோ சொல்ல
பக்கத்துக் கட்டில்காரி தமிழில மாத்திச் சொன்னவ,
'இந்த வகைக்கு
இன்னும் சரியான மருந்து வரேல்லையாம்.'
மற்றதெல்லாம் அங்கயே விட்டிட்டு
அந்த 'இன்னும்' எண்ட சொல்லை மட்டும்
பஸ்ஸில மடியில வைச்சுக் கொண்டுவந்தனான்.
அதுக்குத்தான் இந்த வாளியள்.

பத்து மணிக்குள்ள அறுபதைத் தாண்டிற்று.
ரியூசன் பெடியள், தபால்காரர், ஒரு ஐயர்,
நூறு ரூபாயைத் தந்திட்டு
'கழுவாதேங்கோ, கழுவினால் பெயின்ட் போயிடும்'
எண்டு சைக்கிளை இழுத்துக்கொண்டு ஓடின ஒருத்தர்.
எங்கட கைவிரலெல்லாம் சவர்க்காரத்தில
கிழவியளின்ர விரல் மாதிரி.

பிறகு பெரியம்மா வந்தா.
உருட்டிக்கொண்டு வந்தா,
முன் ரயரில காத்து இல்லை.
ரோஸ் நிறச் சைக்கிள். ஒண்டரை வருசம்
உரச் சாக்குகளுக்குப் பின்னால நிண்டது.
ஒருத்தரோடையும் கதைக்காமல்
வரிசையில தன்ர முறைக்கு நிண்டா.
வாளிச் சத்தம் நிண்டு போச்சு.
'என்ன பாக்கிறியள்? கழுவுங்கோ.'

குந்தியிருந்து பாத்தன்.
மட்காட்டுக்கு உள்ள
மருதனார்மடத்துச் செம்மண், கல்லாய்க் காய்ஞ்சு.
கடைசியாய் ரியூசனால வந்த நாள் மழை.
களைக்குது எண்டு அக்கா நேர போய்ப் படுத்தவ.
'கழுவாமல் விட்டிட்டுப் படுக்கிறாய், சோம்பேறி'
எண்டு பெரியம்மா பேசினது
எங்கட வீட்டுக்கும் கேட்டது.
அடுத்த நாள் காய்ச்சல்.

துணி கையில இருக்கு. கை போகேல்லை.
கம்பிகளைத் துடைச்சன், ஹாண்டிலைத் துடைச்சன்,
மணியை இரண்டு தரம் துடைச்சன்.
'உதுக்குள்ளயும் தேய், பிள்ளை,
கறள் பிடிக்கும்.'
நிருஜன்தான் வாளியைச் சரிச்சான்.
தண்ணி சிவப்பாய் இறங்கி
என்ர காலைச் சுத்தி
வாய்க்காலுக்குப் போச்சு.
அவன் இன்னொரு வாளி ஊத்தினான்,
தெளிவாய் வருமட்டும் ஊத்தினான்.

பெரியம்மா நூறு ரூபாய்த் தாளை
நாலாய் மடிச்சு வைச்சிருந்தவ.
'துண்டு தா' எண்டா.
எண்பத்தாறு தரம் கேட்ட பழக்கத்தில
வாய் தன்பாட்டில கேட்டிட்டுது,
'என்ன பேருக்கு எழுத?'

கொஞ்ச நேரம் மட்டையைப் பாத்தா.
'யோகமலர் எண்டு எழுது.
அவளின்ர பேர்தான் அங்கை இருக்கே.'

எழுதினன். கிழிச்சுக் குடுத்தன்.
அவ அதை வாசிச்சுப் பாத்து
இலக்கம் சரியோ எண்டும் பாத்து
பேர்சுக்குள்ள வைச்சா.
காத்தடிக்கிற கடை திறந்திருக்கோ எண்டு
நிருஜனிட்டக் கேட்டுக்கொண்டு போனா.

அடுத்தது ஒரு மீன்காரர்.
பின்னால கட்டியிருக்கிற பெட்டியையும்
அதே நூறுக்குக் கழுவுவியளோ எண்டார்.
கழுவுவம் எண்டன்.