இரண்டாம் பொரிப்பு

அல் வக்ரா கடற்கரையில்
டச்சு உருளைக்கிழங்கு வண்டி
முதலாளியுடையது.
கையிலுள்ள எண்ணெய்க் கொப்புளங்கள் என்னுடையவை.

ஒருமுறை பொரித்து, ஆறவிட்டு,
மறுபடி பொரிக்க வேண்டும்.
அப்போதுதான் வெளியே மொறுமொறு,
உள்ளே பஞ்சு.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில்
என் ரத்த ரிப்போர்ட்டில்
கொழுப்பின் கீழே
இரண்டு கோடு போட்டார்
சகாயமேரி சிஸ்டர்.
"கிழங்குன்னா அவிச்சுத் தின்னுங்க."

வியாழன் இரவு பதினொன்றரை.
யூனிபார்ம்கூட மாற்றாமல்
வரிசையில் அவர்.
என்னைத் தெரிந்துவிட்டது.
தெரியாததுபோல் பெரிய கூம்பு கேட்டார்.

"மயோனைஸ்?"

கடலைப் பார்த்தபடி சொன்னார்:
"கொஞ்சம் தாராளமா."

உப்பை மட்டும் குறைத்துத் தூவினேன்,
என்னால் ஆனது.
முதல் துண்டிலேயே பிடித்துவிட்டார்:

"என்ன தம்பி,
ஆஸ்பத்திரிச் சாப்பாடா இது?"