போறணைக்கு மேலே

ஹட்டனில் ஒன்பது நாளாய்ச் சூரியன் இல்லை.
ஆனாலும் நாங்கள் பதினொரு பேர்
மாலை ஐந்தரைக்கு
அவனுக்கு நமஸ்காரம் செய்கிறோம்,
பேக்கரியின் மேல்மாடியில்,
ஜன்னலைச் சாத்திக்கொண்டு.

அறைக்கு ஹீட்டர் கிடையாது.
கீழே முபீத் நானாவின் போறணை இருக்கிறது.
இராப்பாணுக்கு அவர் டர்பன்டைன் விறகை அடுக்கினால்
முதலில் எங்கள் உள்ளங்காலுக்குத் தெரியும்.
அப்புறம் முழங்காலுக்கு.
அப்புறம் ஈஸ்ட் வாசனை மூக்கில் ஏற
மழைக்கோட்டைக் கழற்றிப் போட்ட உடம்பு
மெல்ல நம்பத் தொடங்கும்.

"மலை மாதிரி நில்லுங்க" என்பாள் நிலுக்ஷி டீச்சர்.
இந்த ஊரில் அதைச் சொன்னால் சிரிப்பு வராதா?
ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மலைக்கே
இடுப்புவரை மண் சரிந்துகிடக்கிறது.

அவளுக்குத் தமிழ் அவ்வளவுதான்.
மீதிக்கெல்லாம் ஹுஸ்ம கன்ன,
ஹுஸ்ம ஹெலன்ன.
பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது
தொண்டையில் முள்ளாய் நிற்கிற அந்த மொழி
இங்கே முதுகுத்தண்டு வழியாக
வழுக்கிக்கொண்டு இறங்குகிறது.
கை மேலே. குனி. கால் பின்னால்.
பலகை. பாம்பு. நாய்.
மூச்சு எங்கே முடிகிறதோ அங்கே அடுத்த அசைவு,
நிறுத்தம் இல்லை,
நோர்வூட் பஸ் மாதிரி
ஏறுகிறவர் ஏறிக்கொள்ளவேண்டியதுதான்.

என் தோள் மட்டும் ஏறாது.
எட்டு மணிநேரம் அடகுக் கடையில்
கம்பிக்குப் பின்னால் குனிந்து
தாலிக்கொடி நிறுத்த தோள் அது.
கிராமுக்கு இவ்வளவு, கல்லுக்குக் கழிவு,
இங்கே கையெழுத்து, இங்கே பெருவிரல்.

நாலாவது சுற்றில் வேர்வை
கண்ணுக்குள் இறங்கும்.
துடைக்கக் கூடாது, டீச்சருக்குப் பிடிக்காது.
அந்த எரிச்சலோடுதான் பக்கவாட்டில் திரும்பினேன்.
எதிரே செசிலியா.

தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கிற வேலை அவளுக்கு.
காதோரத்தில் இன்னும் தூசி,
வேர்வையில் ஊறிச் சாயமாய் வழிகிறது
கன்னத்தில், தாடையில்,
வெறுங்கழுத்தில்.

அந்தக் கழுத்தின் எடை எனக்குத் தெரியும்.
பதினோரு கிராமும் சில்லறையும்.
பங்குனியில் கொண்டுவந்தாள்.
மகனுக்குக் கொழும்பில் வேலைக்கு ஏதோ கட்டவேண்டும் என்றாள்.
"அக்கா, கிளாஸ்ல யாருக்கும்..." என்று தொடங்கி
கவுண்டரில் கிடந்த பேனையை எடுத்து
மூடியைப் போட்டுக் கழற்றிப் போட்டாள்.

வகுப்பில் அதைப்பற்றி நாங்கள் பேசுவதில்லை.
ஒரே சூட்டில் நிற்கிறோம்,
ஒரே நேரத்தில் கை தூக்குகிறோம்.
முழங்கை நடுங்கினால்
அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்,
நான் அவளைப் பார்த்து.

சுவரில் ஆணிகள் வரிசையாய்.
அவள் பைக்குப் பக்கத்தில் என் பை.
என் பைக்குள்
அவள் பெயருக்கு ஏலக் கடிதம்.
தபாலில் போட்டால் மூன்று நாள்,
கையில் கொடுத்துவிடு என்றார் மனேஜர்,
ஒரே கிளாஸ்தானே.

கடைசியில் எல்லோரும் பிணமாகப் படுத்தோம்.
கீழே தட்டுகளை இழுக்கிற சத்தம்,
நானா யாரையோ ஏசுகிற சத்தம்.
தரை முதுகைத் தாங்கியது,
சுட்டது,
விடவில்லை.

டீச்சர் எழுப்பியபோது
செசிலியா எழும்பவில்லை.
வாயை லேசாய்த் திறந்து, குறட்டைகூட.
நாங்கள் பாயைச் சுருட்டி
அவளைச் சுற்றி நடந்தோம்,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

பையைத் திறந்தேன், கொடுக்கத்தானா
என்று எனக்கே தெரியாது.
ஒரு மணிநேரச் சூட்டிலும் ஈரத்திலும்
உறையின் பசை விட்டிருந்தது.
மடல் தானாகவே திறந்து,
உள்ளே தட்டெழுத்தில் அவள் பெயர்,
பிழையாய், செலிசியா என்று.

பிழையான கடிதத்தைக் கொடுக்கமுடியாதுதானே.
திருத்தி, திரும்ப அடித்து, கையெழுத்து வாங்க
ஒரு கிழமை போகும்.
கூட இழுத்தால் பத்து நாள்.

இறங்கி ஒரு றாத்தல் பாண் வாங்கினேன்.
கடதாசியைத் தாண்டிச் சுட்டது.
மழையில் அதைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு
பஸ் நிலையம்வரை போனேன்,
அந்தத் தோள்
கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.